முப்பத்திரண்டு அம்பியர்

என் கணவரின் உடம்பு இனி வியர்க்காது என்று எங்களுக்குச் சொன்னவர் ஒரு தாதி. கொழும்புப் பக்கத்துப் புனர்வாழ்வு ஆஸ்பத்திரி ஒன்றில் நாங்கள் பல மாதங்கள் இருந்தோம். வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொன்ன அன்று, அந்தத் தாதி என்னைத் தனியாக அழைத்தார். முதுகில் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது, சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பது என்றெல்லாம் இன்னொரு தடவை செய்து காட்டினார். முடிவில் எங்கள் ஊர் எது என்று கேட்டார். திருகோணமலை என்றேன். அவருடைய முகம் கொஞ்சம் மாறியது.

"அங்க நல்லா சூடு தானே," என்றார், சிங்களம் கலந்த தமிழில். "இவருக்குக் கழுத்துக்குக் கீழ வேர்க்காது. சூடு உள்ள போனா வெளிய வர வழி இல்ல. ரூம் குளிரா இருக்கணும். மறக்கவேணாம்."

நான் தலையாட்டினேன். எனக்கிருந்த கவலைகளுக்குள் அது ஒரு சின்ன விஷயமாகத்தான் பட்டது. சூடு என்றால் விசிறி போடுவோம், யன்னலைத் திறப்போம். வேறென்ன?

என் கணவர் கரண்ட் வேலை செய்தவர். வீடுகளுக்கு வயரிங் செய்வார். அதைவிடக் கூடுதலாக ஏசி பூட்டுவார். உப்புவெளியிலிருந்து நிலாவெளி மட்டும் கடற்கரையோரம் இருக்கிற விடுதிகளில் அவர் கை படாத இடம் குறைவு. வெள்ளைக்காரர்கள் வருகிற மாதங்களில் வீட்டில் அவரைப் பார்ப்பதே அரிது. அவரோடு கூட வேலை செய்தவன் இலங்கைத்துறையைச் சேர்ந்தவன். மீன்பிடிக் குடும்பம். கடலுக்குப் போகப் பிடிக்காமல் பட்டணத்துக்கு வந்து தொழில் பழகி, கல்யாணம் முடித்து, பிள்ளைகளும் பிறந்த பிறகும் என் கணவரை விட்டுப் பிரியாமல் இருந்தான். அவரை அண்ணை என்பான், என்னை அக்கா என்பான். எங்களுக்கு அவன் தம்பி.

விபத்து நடந்தது ஒரு விடுதியில். மேல்மாடிச் சுவரில் பூட்டியிருந்த ஏசியின் வெளிப் பெட்டியைக் கழுவுவதற்கு என் கணவர் ஏணியில் ஏறியிருக்கிறார். அந்த ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டிக் கீழே மணல் இளகிப்போயிருந்தது. மேலே காய்ந்த மணல் மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஏணியை அங்கே ஊன்றியவன் தம்பி. பிடித்துக்கொண்டு நின்றவனும் அவன்தான். ஒரு கால் புதைந்து ஏணி சாய்ந்தபோது அவனால் தாங்க ஏலவில்லை. என் கணவரின் கழுத்தெலும்பு உடைந்தது. தோளை அசைப்பார், முழங்கையை மடக்குவார். விரல்கள் இல்லை. இடுப்பு இல்லை. கால்கள் இல்லை. இருந்தன, ஆனால் அவருடையவையாக இல்லை.

ஆஸ்பத்திரியில் முதல் வாரம் தம்பி வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. பிறகு காணாமல் போனான். ஊரிலே தமையனோடு கடலுக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டோம்.

நாங்கள் வீட்டுக்கு வந்தது மாரி காலத்தில். மழையும் குளிர்காற்றுமாக அந்த மாதங்கள் போயின. நான் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் படிப்பிக்கிறேன். நான் போய் வரும் வரைக்கும் பக்கத்து வீட்டு அக்கா வந்து இருப்பார். மகள் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பின்னேரத்தில் அவளும் நானுமாக அவரைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்து ஒழுங்கை முகப்பு மட்டும் தள்ளிக்கொண்டு போவோம். அங்கேயிருந்து பார்த்தால் துறைமுகத்துத் தண்ணீர் கொஞ்சம் தெரியும். குப்பைத்தொட்டியடியில் மான்கள் நிற்கும். "இதுகளுக்கும் பட்டணம் பழகிப்போச்சு," என்று சிரிப்பார். இப்படியே சமாளித்துவிடலாம் என்று நான் நினைத்தேன்.

பிறகு கச்சான் காற்று தொடங்கியது.

வெளியூர்க்காரருக்குக் கச்சானைச் சொல்லி விளங்கவைக்க ஏலாது. மேற்கிலிருந்து நெருப்பை வாரிக்கொண்டு வருகிற காற்று அது. யன்னலைத் திறந்தால் அடுப்பு வாசலைத் திறந்ததுபோல இருக்கும். விசிறி அந்தச் சூட்டையே சுழற்றி மேலே போடும். ஒரு மத்தியானம் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அவருடைய முகம் சிவந்து, கண் சொருகிப்போயிருந்தது. நெற்றியில் கை வைத்தால் கொதித்தது. தோள் மூட்டுக்குக் கீழே ஒரு துளி வியர்வை இல்லை, சுவர்போல உலர்ந்து கிடந்தது. என்னைப் பார்த்து, "ஏணியை இறக்கச் சொல்லும், வேலை முடிஞ்சுது," என்றார். காய்ச்சல் என்று நினைத்து ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காய்ச்சல் இல்லை. வெயில்தான் உள்ளே போய் நின்றிருக்கிறது. குளிர்ந்த துணி போட்டு, ஏசி இருந்த ஓர் அறையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள். தெளிந்துவிட்டார். அப்போதுதான் அந்தத் தாதியின் முகம் எனக்கு விளங்கியது.

அவர் விழுந்த விடுதியின் முதலாளி நல்ல மனிசன். விஷயம் கேள்விப்பட்டு, தன்னுடைய அறை ஒன்றிலிருந்து கழற்றிய ஏசியை அனுப்பிவைத்தார். பெரிய பழைய மெஷின். பட்டணத்தில் ஒரு கடையிலிருந்து ஆளைக் கூப்பிட்டுப் பூட்டினோம். அவன் அவசரக்காரன். படுக்கையறையில் ஏற்கெனவே இருந்த பிளக்கிலேயே கொடுத்துவிட்டுப் போனான். குளிர்ந்த காற்று முதலில் முகத்தில் பட்டபோது என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அழுதேன்.

ஆனால் அது நிற்கவில்லை. கொஞ்ச நேரம் ஓடும். குசினியில் பிரிட்ஜ் இரைந்து தொடங்கினால் டக்கென்று கரண்ட் பெட்டியில் பிரேக்கர் விழுந்து எல்லாம் நின்றுவிடும். தூக்கிவிடுவேன். கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்தால் மறுபடி விழும். எல்லாம் ஒரே வயரில் போகிற பழைய வீடு. ஊர் முழுக்க வயர் இழுத்த மனிசனுக்குத் தன்னுடைய வீட்டைத் தொட நேரம் கிடைக்கவில்லை. ஏசி பூட்டியவனுக்கே போன் எடுத்தேன். அவன் வந்து, விறாந்தையில் இருந்த கரண்ட் பெட்டியைத் திறந்து, ஒரு பிரேக்கரைக் கழற்றி வேறொன்றைப் போட்டான். "இனி விழாது, டீச்சர்," என்றான்.

உண்மையாகவே விழவில்லை. அன்று பின்னேரம் ஏசியும் ஓடியது, பிரிட்ஜும் ஓடியது, நான் கேத்தலும் போட்டேன். தேத்தண்ணியை ஸ்ட்ரோவோடு அவர் வாயருகே கொண்டுபோனபோது அவர் குடிக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்.

"எல்லாம் ஓடுது, என்ன?"

"ஓம். இப்ப ஒரு பிரச்சினையும் இல்லை."

"பெட்டியைத் திறந்து, புதுசாப் போட்ட பிரேக்கரிலை என்ன எழுதியிருக்கெண்டு பாரும்."

போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். "முப்பத்திரண்டு அம்பியர்."

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு, "நிப்பாட்டும்," என்றார்.

"என்னத்தை?"

"ஏசியை. இப்பவே நிப்பாட்டும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளியில எப்பிடி எரியுதெண்டு தெரியுமா உங்களுக்கு? அண்டைக்குச் சூட்டிலை என்ன கதைச்சனீங்கள் எண்டாவது ஞாபகம் இருக்கா? இதையும் நிப்பாட்டினா நான் என்ன செய்யிறது?"

"இஞ்ச கேளும். பிரேக்கர் ஏசியைக் காப்பாத்த இல்லை. சுவருக்குள்ள போற வயரைக் காப்பாத்தத்தான். அந்த வயர் மெல்லிசு. பாரம் கூடினா அது சூடாகும். சூடாக முந்தி பிரேக்கர் விழவேணும். அவன் விழாத பிரேக்கரைப் போட்டுட்டுப் போட்டான். இப்ப வயர் உருகினாலும் அது பேசாமத்தான் நிக்கும்."

"அப்ப கவனமாப் போடுவம். கேத்தலைப் போடாம விடுறன்."

"இரவிலை நெருப்புப் பிடிச்சா?"

நான் யன்னல் சீலையை இழுத்துவிட்டேன்.

"எனக்கு எழும்பி ஓட ஏலாது," என்றார். குரல் தணிந்திருந்தது. "அது பரவாயில்லை. நீங்கள் ரெண்டு பேரும் என்னை விட்டுட்டு ஓடமாட்டியள். அதுதான் பயம்."

சுவரில் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது. ஓரத்தில் மஞ்சள் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. ஏசியை நிறுத்திவிட்டு, வாளியில் ஐஸ் போட்டுத் துவாயை நனைத்துக்கொண்டு வந்தேன்.

வேறு ஆளைப் பார்ப்போமா என்று கேட்டேன். "அவனைக் கூட்டிக்கொண்டு வாரும்," என்றார். யாரை என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் மகளை அவரோடு விட்டுவிட்டு பஸ் ஏறினேன். மூதூரில் இறங்கி ஈச்சிலம்பற்றுப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்தேன். இலங்கைத்துறையில் தம்பியின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. பெண்சாதி என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் கடற்கரையில் இருந்தான். தமையனோடு சேர்ந்து வள்ளத்திலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தான். கறுத்து, மெலிந்து, தாடி வளர்த்திருந்தான். என்னைக் கண்டதும் அவன் முதலில் கேட்டது, "அண்ணை செத்துட்டாரா?"

"இல்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர்."

அவன் மணலில் குந்திவிட்டான். "என்னால ஏலாது, அக்கா. நான் ஏணியை விட்டுட்டன். இந்தக் கையாலதான். ஒவ்வொரு நாளும் அதுதான் கண்ணுக்குள்ள."

"அதைப்பற்றிக் கதைக்க நான் வரேல்லை," என்றேன். "வீட்டிலை தப்பான பிரேக்கர் போட்டுட்டாங்கள். அவருக்கு ஏசி இல்லாம இருக்க ஏலாது. சூடு அவரைக் கொண்டுபோகுது. வேற ஒருத்தரையும் அவர் நம்பமாட்டார்."

அவன் வரவில்லை. நான் தனியாகத்தான் திரும்பினேன். பஸ்ஸில் யன்னலோரம் இருந்து, அவனைத் திட்டவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் ஆற்றுப் பாலங்களைக் கடந்து வந்தேன்.

மறுநாள் காலை அவன் வாசலில் நின்றான். தாடியை வழித்திருந்தான். தோளில் பழைய கருவிப் பை. உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அறை வாசலில் கால் தயங்கியது. என் கணவர் முகத்தை மட்டும் திருப்பி அவனைப் பார்த்தார்.

"மெலிஞ்சுபோனாய்," என்றார்.

அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்து அழுதான். ஓர் ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. என் கணவருக்குக் கையை நீட்டி அவன் தலையைத் தொட வேண்டும்போல் இருந்திருக்கும். முழங்கை மடங்கியது, கை வந்து அவன் தோளில் கட்டை மாதிரி விழுந்தது. விரல்கள் எதையும் பிடிக்கவில்லை.

"ஏணி வைச்ச இடத்தை நானும் பார்த்துட்டுத்தான் ஏறினனான்," என்றார். "எனக்கும் அது காய்ஞ்ச மணலாத்தான் தெரிஞ்சுது. சரி, எழும்பு. வேலையைப் பார்."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினான்.

என் கணவர் என்னை வெளியே போய், ஏசியின் வெளிப் பெட்டியில் ஒட்டியிருக்கிற தகட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். கடல் உப்பு தின்று பாதி எழுத்து அழிந்திருந்தது. துணியால் துடைத்துவிட்டு எடுத்தேன். போனை அவர் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டேன். பெரிதாக்கச் சொன்னார், இன்னும் கொஞ்சம், இடப்பக்கம் என்றார்.

"ஓடேக்க ஒன்பது அம்பியருக்குக் கிட்ட எடுக்குது. தொடங்கேக்க அதைவிடப் பல மடங்கு இழுக்கும், பழைய மெஷின். இருபதுக்கு மேல பிரேக்கர் போடக்கூடாதெண்டு தகட்டிலையே இருக்கு."

"இருபது, சி டைப்," என்றான் தம்பி.

"ஓம். பி டைப் போட்டா மோட்டர் தொடங்கிற இழுவைக்கே விழுந்திடும். வயர் நாலு எம்எம். பெட்டியிலிருந்து நேர ஏசிக்கு. இடையில ஒண்டையும் கொழுவக்கூடாது. எர்த்தைப் பார்த்துக் கட்டு."

இருவரும் அப்படித்தான் கதைத்தார்கள், இடையில் ஒன்றுமே நடக்காததுபோல. தம்பி கடைக்குப் போய்ச் சாமான்களோடு வந்தான். கரண்ட் பெட்டியிலிருந்து படுக்கையறை மட்டும் சுவர் மேலால் வெள்ளைக் குழாய் அடித்து, அதற்குள் புது வயரை இழுத்தான். குழாய்க்கு ஏணியில் ஏற வேண்டியிருந்தது. முதல் படியில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். நான் போய் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவன் என்னைப் பார்க்காமல் ஏறினான். உள்ளே இருந்து என் கணவர், "எங்க நிக்கிறாய் இப்ப? மூலைக்கு வந்திட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு அடித்தான்.

முப்பத்திரண்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய வயருக்குப் பதினாறைப் போட்டான். புது வயருக்கு இருபது. பிறகு சுவிட்சைப் போட்டான். மெஷின் ஒருமுறை உறுமியது; ஓடத் தொடங்கியது. நான் குசினியில் கேத்தலைப் போட்டேன், பிரிட்ஜ் இரைந்தது. எதுவும் விழவில்லை. என் கணவர் புது வயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தம்பி குழாய் வாயில் கையை வைத்து, "குளிர்தான், அண்ணை," என்றான்.

அந்த அறையில் நாங்கள் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தோம். அறை என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டின் மற்ற இடங்களுக்கு நாங்கள் சமைக்கவும் குளிக்கவும் மட்டும் போனோம். மகள் அவருடைய கட்டிலடியில் பாய் போட்டுப் படித்தாள். தம்பி மறுபடி தொழிலுக்கு வந்தான். வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் ஏசியின் தகட்டைப் படம் எடுத்து அனுப்புவான். அவனுக்குத் தெரியாதது ஒன்றும் அதில் இல்லை. ஆனாலும் அனுப்புவான். பிறகு மற்றத் தொழில்காரரும் அனுப்பத் தொடங்கினார்கள். மகள் போனைக் காட்டுவாள், இவர் சொல்லுவார், அவள் தட்டச்சு செய்வாள். தப்பான பிரேக்கரைக் கண்டால் ஏசுவார். அந்த ஏச்சுக் கேட்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும்.

இரண்டாவது கச்சான் முடிகிற நேரம் அவருக்குச் சிறுநீரில் கிருமி ஏறியது. முன்பும் வந்ததுதான். இந்த முறை மருந்துக்கு அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டில் கட்டில்களுக்கு மேலே விசிறிகள் சுற்றின, அவ்வளவுதான். அங்கே வேலை செய்தவர்கள் தங்களால் ஏலுமானதைச் செய்தார்கள். உள்ளே காய்ச்சல், வெளியே வெயில். இதில் எது எவ்வளவு என்று யாருக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் துவாயை நனைத்து நனைத்துப் போட்டேன். தம்பி ஐஸ் வாங்கிக்கொண்டு வந்தான், அது கரையும், மறுபடி போவான். கட்டிலை யன்னலோரம் தள்ளலாமா என்று கேட்டுத் தள்ளினோம்.

கடைசியாக அவர் தெளிவாகக் கதைத்தது மகளோடு. சோதனைக்கு எத்தனை பாடம் மிச்சம் என்று கேட்டார். அவள் சொன்னாள். "அப்ப நீ வீட்டை போ," என்றார். அவள் போகவில்லை. அடுத்த நாள் காலை, மருந்து கொடுக்கிற தாதி அவரிடம் வருவதற்கு முன்னே அவர் மூச்சு நின்றுவிட்டது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரிந்திருக்காது. கையில்தான் உணர்ச்சி இல்லையே. கன்னத்தைத் தொட்டிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன்.

செத்த வீட்டுக்கு நிறையப் பேர் வந்தார்கள். உடலை மண்டபத்தில் வைத்திருந்தோம். வயதான உறவுக்காரர்களுக்கு வெக்கை தாங்காமல் யாரோ அறையைத் திறந்து ஏசியைப் போட்டுவிட்டார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் அந்தக் குளிர் வந்து என் முதுகில் படும். உள்ளே அவர் இருக்கிறார், திருப்பிப் படுக்கவைக்கிற நேரம் வந்துவிட்டது என்று உடம்பு தானாக எழும்பப் பார்த்தது. தம்பி என் முகத்தைக் கண்டிருக்க வேண்டும். விறாந்தைக்குப் போய் அந்த இருபதைக் கீழே தட்டிவிட்டான்.

அவன் இப்போது கட்டாரில் இருக்கிறான். அங்கேயும் ஏசி வேலைதான். வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பான். வெயிலைப்பற்றிக் கதைப்போம், பிள்ளைகளைப்பற்றிக் கதைப்போம். அண்ணையைப்பற்றிக் கதைக்கத் தொடங்கினால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவான்.

கட்டிலையும் சக்கர நாற்காலியையும் இன்னொரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டோம். மெஷின் மட்டும் சுவரில் இருக்கிறது. மகள் மேசையை அந்த அறைக்குள் போட்டுப் படிக்கிறாள், ஆனால் ஏசியைப் போடுவதில்லை. யன்னலைத் திறந்து வைத்துக்கொள்கிறாள். உப்புக் காற்றில் வெளிப் பெட்டி உக்கிக்கொண்டு வருகிறது, கழற்றி யாருக்காவது கொடுப்போம் என்கிறேன். அவள் வேண்டாம் என்கிறாள். போன கிழமை இதுபற்றி எங்களுக்குள் சண்டையே வந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் குசினிக்குள் போய் அரிசி கழுவினேன். இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.